கலங்க வைக்கும் செய்திகள்: தெரிந்துகொள்ளவும் வேண்டும், மனதும் தாங்க வேண்டும்

ஒரு பெரிய விபத்தோ தாக்குதலோ போரோ நடந்த அன்று, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள சில நிமிடங்கள் போதும். எங்கே, எப்போது, எத்தனை பேருக்குப் பாதிப்பு, இப்போது நிலைமை என்ன, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நாம் போனைக் கீழே வைப்பதில்லை. அதே வீடியோவை வேறொரு கோணத்தில் பார்க்கிறோம். அதற்குக் கீழே யார் யாரோ போடும் சண்டையைப் படிக்கிறோம். புதிதாக ஏதாவது வந்திருக்குமா என்று மறுபடி மறுபடி திறக்கிறோம். ராத்திரி படுக்கும்போது, மதியம் தெரிந்திருந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகத் தெரிந்திருக்காது. நெஞ்சு மட்டும் கனத்துக் கிடக்கும்.

ஒரு கொடுமையைப் பற்றித் தெரிந்துகொள்ளும்போது வருகிற வருத்தம் ஒன்று. அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வருகிற பாதிப்பு வேறு. முதலாவது, மனிதர்கள்மேல் அக்கறை உள்ள எல்லோருக்கும் வரும், வரவும் வேண்டும். இரண்டாவதைப் பெருமளவு குறைத்துக்கொள்ள முடியும். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்த இரண்டாவதைக் குறைப்பதற்குத்தான்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் சில்வர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அடுத்த சில வாரங்களில் அமெரிக்காவில் 4,675 பேரிடம் விசாரித்தார்கள். சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களிடம் கடும் மனஅழுத்த அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ஏற்கெனவே பதற்றமாக இருப்பவர்கள்தானே அதிகம் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். அதுவும் உண்மைதான். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2019ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பது தெரிந்தது. அதிகம் பார்த்தவர்களுக்குக் கவலை கூடியது. கவலை கூடியவர்கள் அடுத்த சம்பவத்தின்போது இன்னும் அதிகமாகப் பார்த்தார்கள்.

சரி, செய்தியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஊடகங்களை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், சில சமயமோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017ல் 29 சதவீதம். 2024ல் 39 சதவீதம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புயல் எச்சரிக்கையும் நோய்ப் பரவலும் தேர்தலும் நம் வேலையைப் பாதிக்கும் சட்டமும், நாம் பார்க்கவில்லை என்பதற்காக நின்றுவிடாது. துன்பத்தில் இருப்பவர்களுக்கும், தங்கள் நிலைமை வெளியே தெரிகிறது என்பதே ஒரு பலம். அதனால் செய்தியோடு தொடர்பை அறுக்காமல் அந்தப் பாதிப்பைக் குறைப்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: சில நாள் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால், இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போகிறது, ஒரு நாளில் எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள் என்பதைப் பெரும்பாலான போன்களின் செட்டிங்ஸ் காட்டிவிடும். மொத்த நேரத்தைவிட அந்த ‘எத்தனை தடவை’யை நான் முக்கியமாக நினைக்கிறேன். கனடா மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டீனும் அவர் குழுவினரும் 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பொதுமக்கள் அனுப்பும் வன்முறைக் காட்சிகளைச் செய்தி அறையில் உட்கார்ந்து சரிபார்க்கும் 116 பத்திரிகையாளர்களைப் பற்றியது அது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே அவர்களுடைய மனஉளைச்சலோடு அதிகம் பொருந்தியது. அவர்கள் வேலை வேறு, நம் நிலைமை வேறு. இருந்தாலும் நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் முடிவு இது.

ஏன் திறந்தீர்கள் என்பதையும் கவனியுங்கள். தகவல் தேவைப்பட்டதா, அலுப்பா, பயமா, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடவா? மூடும்போது உடம்பு எப்படி இருக்கிறது? தாடை இறுகியிருக்கும், தோள் காதுவரை ஏறியிருக்கும், மூச்சு மேலாகவே ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை மனதைவிட உடம்பு சீக்கிரம் சொல்லிவிடும். சிலருக்கு வீடியோ, சிலருக்கு விவாத நிகழ்ச்சி, சிலருக்குக் கமெண்ட்டுகள். எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

படி 2: எது உங்களுக்குத் தேவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கண்ணில் படும் எல்லாச் செய்தியும் ஒரே வகை கிடையாது. சில செய்திகள் இன்றைக்கே ஏதாவது செய்யச் சொல்பவை: வெள்ள எச்சரிக்கை, ஒரு மருந்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, சாலை அடைப்பு. இவை தாமதமில்லாமல் வந்து சேர வேண்டும். இன்னும் சில, ஒரு குடிமகனாகவோ, ஒரு தொழில் செய்பவராகவோ, ஒரு சமூகத்தைச் சேர்ந்தவராகவோ நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. ஒரு போரின் போக்கு, ஒரு மசோதா, காலநிலை மாற்றம். இவற்றை இரண்டு நாள் கழித்துப் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கொஞ்சம் தெளிவாகக்கூடக் கிடைக்கும். மிச்சமெல்லாம் வெறுமனே நம் கண்ணில் படுபவை. எங்கோ நடந்த ஒரு கொலையின் சிசிடிவி காட்சி, முகம் தெரியாத ஒருவரை ஊரே சேர்ந்து திட்டும் சண்டை. இவற்றால் நமக்கும் பயனில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் பயனில்லை.

முதல் வகைக்கு மட்டும் போன் சத்தம் போடட்டும். இரண்டாவதற்கு நேரம் ஒதுக்குங்கள். மூன்றாவதை, குற்ற உணர்வே இல்லாமல், விட்டுவிடுங்கள்.

உலகத்தில் நடக்கும் எல்லாத் துயரத்தையும் ஒரே அளவு ஆழமாகப் பின்தொடர யாராலும் முடியாது. ஒன்றிரண்டு விஷயத்தை ஆழமாகப் பின்தொடர்வது, மற்றவற்றில் நிலைமை என்ன என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தால் மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

படி 3: நேரம் குறியுங்கள், முடிவு உள்ளதைப் பாருங்கள்

2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது உலக சுகாதார அமைப்பு மனநலம் குறித்து வெளியிட்ட ஆலோசனைகளில் ஒன்று, பதற்றம் தரும் செய்திகளைக் குறைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றிரண்டு முறை குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் புதிய தகவலைப் பாருங்கள் என்பது. உலகமே ஒரு செய்தியை மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அது போதும் என்றுதான் சொன்னார்கள்.

என் யோசனை: காலை வேலைகள் முடிந்த பிறகு ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடம். கண் விழித்ததும் வேண்டாம். படுக்கையில் கட்டாயம் வேண்டாம். வெண்டி ஜான்ஸ்டன், கிரஹாம் டேவி என்ற இருவர் 1997ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று குழுக்களுக்கு 14 நிமிடச் செய்தித் தொகுப்புகளைக் காட்டினார்கள். ஒன்றில் மோசமான செய்திகள், ஒன்றில் நல்லவை, ஒன்றில் சாதாரணமானவை. மோசமானதைப் பார்த்தவர்களுக்கு வருத்தமும் பதற்றமும் கூடியதில் ஆச்சரியமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: அந்தச் செய்திக்குத் துளியும் சம்பந்தமில்லாத தங்கள் சொந்தக் கவலைகளையே அவர்கள் பூதாகரமாக நினைக்கத் தொடங்கினார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்ச் செய்தி பார்த்துவிட்டு, கடனையும் பிள்ளையின் படிப்பையும் நினைத்துப் புரண்டு படுப்பது இப்படித்தான்.

நேரத்தைப் போலவே வடிவமும் முக்கியம். அச்சுப் பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருந்தது, வானொலிச் செய்திக்கு ‘இத்துடன் செய்திகள் முடிவடைந்தன’ என்ற வரி இருந்தது. 1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலி, இன்று செய்தி எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டுப் பியானோ இசையைப் போட்டது. 1980 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் சிஎன்என் என்ற டிவி சேனல் தொடங்கிய பிறகு 24 மணி நேரமும் செய்தி ஓட ஆரம்பித்தது. 2006ல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் ஸ்க்ரோலை உருவாக்கினார். அதற்காகப் பின்னாளில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார். ஆக, நிறுத்தம் வைக்கும் பொறுப்பு இப்போது நம் தலையில். நாளிதழ், அரைமணிச் செய்தித் தொகுப்பு, மின்னஞ்சலில் வரும் தினசரிச் சுருக்கம், செய்தி பாட்காஸ்ட் என்று முடிவு உள்ள எதையாவது தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை எழுத்தில் படியுங்கள். எழுத்தில் வேகம் நம் கையில் இருக்கிறது. தாங்காத வரியைத் தாண்டிப் போகலாம். வீடியோவில் கண்ணை மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

படி 4: போனைச் சரிசெய்யுங்கள்

மனஉறுதியை மட்டும் நம்பினால் இது நடக்காது. செட்டிங்ஸில் அரைமணி நேரம் செலவழித்தால் பல மாதத்துக்குப் பலன் தரும்.

செய்தி ஆப்களின் அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். அரசின் பேரிடர் எச்சரிக்கையும் வானிலை எச்சரிக்கையும் மட்டும் இருக்கட்டும். ‘பிரேக்கிங்’ என்று வருவதில் உடனே தெரிந்தாக வேண்டியது அபூர்வம்.

அடுத்து வாட்ஸ்அப். கொடூரமான படங்கள் அதிகம் நம்மை வந்து சேர்வது இந்த வழியில்தான், அதுவும் நமக்குப் பிரியமானவர்கள் கையால். செட்டிங்ஸுக்குள் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் படங்களும் வீடியோக்களும் தானாக டவுன்லோடு ஆவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் எடுத்துவிடுங்கள். இனிமேல் ஒரு படம் வந்தால் மங்கலாக மட்டும் தெரியும்; நீங்கள் தொட்டால்தான் திறக்கும். அந்த ஒரு விநாடி இடைவெளியில், இதைப் பார்க்க வேண்டுமா என்று யோசிக்க முடிகிறது. குழுவில் வரும் படங்கள் போனின் கேலரிக்குள் போய் உட்காராமல் தடுக்கவும் தனியே ஒரு செட்டிங் உண்டு. பிறந்தநாள் போட்டோ தேடும்போது நடுவில் ஒரு சடலத்தின் படம் எதிர்ப்படுவது இதனால் நிற்கும். சத்தம் போடும் குழுக்களை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள். வெளியேறினால்தான் வருத்தப்படுவார்கள், மியூட் செய்தது யாருக்கும் தெரியாது.

ஃபேஸ்புக், எக்ஸ் போன்ற தளங்களில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது. எக்ஸில் சில சொற்களைக் குறிப்பிட்டு, அவை உள்ள பதிவுகளே வராமல் செய்யலாம். ஒரு சம்பவம் நடந்த வாரத்தில் அந்த ஊர்ப் பெயரை மட்டும் மியூட் செய்வது கோழைத்தனம் இல்லை. அதைப் பற்றி நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த நேரத்தில் படிக்கத்தானே போகிறீர்கள்.

இந்தத் தளங்களை ஏன் இவ்வளவு கட்டுப்படுத்த வேண்டும் என்றால், தலைப்பு எழுதும் விதத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. அப்வொர்த்தி என்ற தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023ல் ஒரு கட்டுரை வெளியானது. சராசரி நீளமுள்ள தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால், அதைத் திறப்பவர்களின் விகிதம் 2.3 சதவீதம் உயர்ந்தது. சின்ன எண்தான். ஆனால் ஒரு நாளில் லட்சக்கணக்கான தலைப்புகள் இந்தக் கணக்கை வைத்து எழுதப்பட்டால் நம் திரை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 5: முதல் சில மணி நேரத்தை நம்பி அவசரப்படாதீர்கள்

பெரிய சம்பவம் நடந்தவுடன் வரும் தகவலில் பாதி பிறகு மாறும். இறந்தவர் எண்ணிக்கை மாறும், காரணம் மாறும், சந்தேக நபர் மாறுவார். அதே பாஸ்டன் சம்பவத்தில், ரெடிட் தளத்தில் சிலர் தாங்களாகவே துப்பறியப் போய், சம்பந்தமே இல்லாதவர்களைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். தளத்தின் நிர்வாகமே பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோரூஷ் வோசோகி, டெப் ராய், சினான் ஆரல் ஆகியோர் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவியவற்றை ஆராய்ந்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. நாம் கலங்கி அழுத சில விஷயங்கள் நடக்கவே இல்லை என்று இதற்கு அர்த்தம். இல்லாத துயரத்துக்கும் சேர்த்து மனசைச் செலவழிக்க நம்மிடம் தெம்பு இல்லை.

நேரலையில் ‘உறுதி செய்யப்படாத தகவல்’, ‘சொல்லப்படுகிறது’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் அணைத்துவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து வாருங்கள். ஒரு பதிவு சந்தேகமாக இருந்தால், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியே வந்து வேறு நம்பகமான இடங்கள் அதைச் சொல்கின்றனவா என்று தேடுங்கள். தொழில்முறையில் உண்மை சரிபார்ப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் நேரில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். படமாக இருந்தால், அது இதற்கு முன் எங்கே வந்தது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுப் பாருங்கள். வேறு நாட்டில், வேறு வருடத்தில் எடுத்த படம் இன்றைய சம்பவமாக உலவுவது சர்வ சாதாரணம். ரத்தம் கொதிக்க வைக்கும் பதிவென்றால் இன்னும் கூடுதலாகச் சரிபாருங்கள்.

படி 6: காட்சிகளை எப்படிக் கையாள்வது

கொடூரமான வீடியோவைப் பார்த்தால்தான் அந்த மக்களின் வலி புரியும் என்று சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரு நேரடி விவரணை, முழு விவரத்தையும் அதற்கான சூழலையும் தரும். வீடியோ பெரும்பாலும் அந்தக் கணத்தை மட்டும் தரும், அதுவும் மனதில் ஒட்டிக்கொள்ளும் விதத்தில். அதில் இருப்பவர் தன் கடைசி நிமிடத்தை உலகம் பார்க்கச் சம்மதம் தந்தவரும் இல்லை.

வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ பார்த்தே ஆக வேண்டும் என்றால், பத்திரிகையாளர்களும் மனித உரிமை ஆய்வாளர்களும் கையாளும் சில வழிகள் உண்டு. முதலில் ஒலியை அணையுங்கள். அலறலும் அழுகையும் காட்சியைவிட நீண்ட நாள் காதில் நிற்கும். திரையில் அந்த ஜன்னலைச் சின்னதாக்குங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், முடிந்தால் கருப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றால் அந்த இடத்தை மறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டால், மறுபடி ஓடவிடாதீர்கள்.

எதிர்பாராமல் ஒன்றைப் பார்த்துவிட்டு அது கண்ணிலேயே நிற்கிறதா? எமிலி ஹோம்ஸ் தலைமையில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்து 2009ல் வெளியான ஒரு பரிசோதனை இங்கே உதவும். அதிர்ச்சியான காட்சிகள் உள்ள படத்தைப் பார்த்தவர்களில், அரைமணி நேரம் கழித்து 10 நிமிடம் டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பி அடுக்கும் வீடியோ கேம்) விளையாடியவர்களுக்கு, அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் காட்சிகள் தானாக மனதில் வந்து போவது குறைவாக இருந்தது. மனதின் கண் வேறு உருவங்களில் வேலையாக இருந்தால், பார்த்த காட்சி அழுத்தமாகப் பதிய இடம் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆய்வுக்கூடத்தில் நடந்ததுதான், வாழ்க்கை முழுவதற்கும் மருந்தில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அடுத்த வீடியோவுக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 7: மூடிய பிறகு

செய்தி பார்த்து முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். தூரத்தில் உள்ள எதையாவது பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதற்குக் கூடுதல் நேரம் கொடுத்து நான்கைந்து நிமிடம் மூச்சு விடுங்கள். நடக்க முடிந்தால் நடங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். ஆபத்து என்று நினைத்து இறுகிக் கிடக்கும் உடம்புக்கு, இப்போது இங்கே ஆபத்தில்லை என்று சொல்லும் வழி இதுதான்.

கவலை விடாமல் துரத்தினால் அதற்கென்று தினமும் ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்குவது, மற்ற நேரத்தில் வந்தால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று குறித்து வைத்துவிடுவது என்ற முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983லேயே சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். எழுதுவது பிடிக்கும் என்றால் மனதில் உள்ளதைக் கொட்டி எழுதுங்கள். யாரும் படிக்க வேண்டியதில்லை.

படி 8: கேமரா காட்டாததையும் தேடிப் படியுங்கள்

உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது என்ற எண்ணம், நாம் அடிக்கடி பார்ப்பதிலிருந்து வருவது. உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973ல் இதை விளக்கினார்கள்: எது சுலபமாக நினைவுக்கு வருகிறதோ, அதுவே அதிகம் நடக்கிறது என்று மனம் கணக்குப் போடும். அதிக நேரம் டிவி பார்ப்பவர்கள் உலகத்தை அதிக ஆபத்தான இடமாக நினைப்பதை ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னரும் 1970களில் காட்டினார்.

ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990ல் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022ல் 49 லட்சம். இந்தச் சரிவு நடந்த எந்த நாளிலும் அது ‘பிரேக்கிங்’ ஆக ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதற்குக் கேமரா போவதில்லை. 49 லட்சம் என்பதே தாங்க முடியாத எண் என்பதையும் மறக்க வேண்டாம். முன்னேற்றத்தைத் தெரிந்துகொள்வது, துயரத்தைத் துடைத்துப் போடுவதற்கு அல்ல. முயற்சிக்குப் பலன் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. வீடு இடிந்து நிற்பவரிடம் இந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு பிரச்சினையைப் பற்றிப் படிக்கும்போது, அதற்கு யார் என்ன செய்கிறார்கள், எது பலித்தது என்பதையும் சேர்த்துத் தேடுவது என் வழக்கம்.

படி 9: ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள்

செய்தியில் நம்மை அதிகம் நசுக்குவது, ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற உணர்வு. பகிர்வதால் அது கொஞ்சம் தணிந்ததுபோல் இருக்கும், பத்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும்.

அதனால் உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதில் நிலையாக ஏதாவது செய்யுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் மாதா மாதம் அனுப்புவது, உணர்ச்சி வேகத்தில் ஒரு முறை அள்ளிக் கொடுப்பதைவிட அந்த அமைப்புக்கும் திட்டமிட உதவும். கொடுப்பதற்கு முன் அந்த அமைப்பின் கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேரிடர் வரும்போதெல்லாம் போலி நிதித் திரட்டல்களும் வரும். பணம் இல்லையென்றால் நேரம் இருக்கிறது, ரத்த தானம் இருக்கிறது, மக்கள் பிரதிநிதிக்கு எழுதும் கடிதம் இருக்கிறது.

எண்ணிக்கை கூடக் கூட மனம் மரத்துப் போவதைப் பற்றி உளவியலாளர் பால் ஸ்லோவிக் நிறைய எழுதியிருக்கிறார். ஒரு குழந்தைக்காகத் துடிக்கிற மனம், ஆயிரம் என்றதும் ஊமையாகிவிடுகிறது. அப்படி மரத்துப் போனதாக உணர்ந்தால் நமக்கு ஈரமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எண்களை விட்டுவிட்டு, ஒருவருக்கு உதவுங்கள். அந்த உணர்வு தானாகத் திரும்பும்.

படி 10: வீட்டில் இருப்பவர்கள்

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் செய்திச் சேனல் பின்னணியில் ஓடவே கூடாது. ஒரே கட்டடம் இடியும் காட்சியைப் பத்துத் தடவை போட்டால், பத்துக் கட்டடம் இடிந்ததாக அவர்கள் நினைக்கக்கூடும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு எப்படியும் விஷயம் தெரிந்துவிடும். விளக்கம் கொடுக்கும் முன், “நீ என்ன கேள்விப்பட்டே?” என்று கேளுங்கள். பாதிப் பயம் தப்பாகக் கேள்விப்பட்டதில்தான் இருக்கும். கேட்டதற்கு மட்டும் உண்மையான, சுருக்கமான பதில் போதும். “நமக்கும் இப்படி நடக்குமா?” என்றால், “நடக்கவே நடக்காது” என்று சத்தியம் செய்யாமல், “இங்கே இப்போ அப்படி ஆபத்து இல்லைம்மா. அப்படி ஏதாவது வந்தா என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லலாம்.

பெரியவர்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஓய்வு பெற்ற அப்பாவுக்கு நாள் முழுக்க ஓடும் செய்திச் சேனல்தான் துணை. அதை அணைக்கச் சொன்னால் வாயை மூடச் சொன்னதுபோல் ஆகிவிடும். “அப்பா, ராத்திரி எட்டு மணி நியூஸை ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போமா? அதுவரைக்கும் பாட்டு போடட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் அனுப்பும் ஃபார்வர்டைக் குழுவில் எல்லோர் முன்னாலும் பொய் என்று சொல்லாதீர்கள். தனியாகப் போன் செய்து சொல்லுங்கள்.

நம் ஆட்களே அங்கே இருந்தால்

மேலே சொன்ன நேரக் கட்டுப்பாடெல்லாம், உங்கள் அம்மாவோ தம்பியோ அந்த ஊரில் இருக்கும்போது அப்படியே பொருந்தாது. ‘செய்தி பார்க்காதே’ என்று அப்படித் தவிப்பவர்களிடம் சொல்வதும் கொடுமை. அப்போது செய்யக்கூடியது, உறவினரிடமிருந்து வரும் நேரடித் தகவலையும் பொதுச் செய்தியையும் பிரிப்பது. அந்த எண்களுக்கு மட்டும் போன் அடிக்கட்டும். அங்கே பேட்டரியும் சிக்னலும் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும்போது பத்துப் பேர் தனித்தனியாக அழைக்காமல், குடும்பத்தில் ஒருவர் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அடுத்து எப்போது பேசுவது என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால், இடையில் உள்ள மௌனத்துக்கு நாமே பயங்கரமான அர்த்தங்கள் கொடுப்பது குறையும். தொடர்பே அறுந்துபோனால், பிரிந்த குடும்பங்களைத் தேடித் தரும் சேவை செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலும் ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லி வையுங்கள்.

நேரில் உறவு இல்லாவிட்டாலும், நம் இனமோ மொழியோ மதமோ தாக்கப்படும்போது அதே வலி வரும். அதை யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் முன்னே பட்ட காயம் உள்ளவர்களுக்குப் பழையதெல்லாம் கிளம்பும் என்பதால், காட்சிகள் விஷயத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எப்போது உதவி கேட்க வேண்டும்

பெரிய சம்பவத்துக்குப் பிறகு சில நாள் தூக்கம் கெடுவதும் அழுகை வருவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை, உறவுகள் பாதிக்கப்பட்டால், பார்த்த காட்சிகள் கனவிலும் பகலிலும் வந்துகொண்டே இருந்தால், குடியோ மாத்திரையோ இல்லாமல் ராத்திரி கழியவில்லை என்றால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். ‘வேறெங்கோ நடந்ததற்கு நான் போய் என்னவென்று சொல்வது’ என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. உங்களுக்கு நேரில் நடக்கவில்லை என்பதால் உங்கள் அறிகுறிகள் பொய்யாகிவிடாது.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம், இரண்டு நாள் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். அப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்குத் தெரிந்தவர் அப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, எத்தனை நாளாக இப்படி, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் செய்தி பார்க்கிறீர்கள், எந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அறையில் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும், மீதியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். தாளை அவரிடம் கொடுத்துவிட்டாலே போதும்.